அளவு எடுக்க வாருங்கள்

சிங்கப்பூர்,
12.6.2006

அப்பாவுக்கு,

கல்யாணத்துக்குப் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. கிழிக்காமல் படியுங்கள்.

நாத்தனார் வீட்டில் இரண்டு வாரம் தங்க வந்திருக்கிறோம். விமானத்திலேயே பாப்பா பால் கக்கி, கொண்டுவந்த சட்டைகள் போதவில்லை. நேற்று கடைக்குப் போனோம். என் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு சட்டையாக உள்பக்கம் திருப்பி, கழுத்தை இழுத்துப் பார்த்து, தையல் விட்டதையெல்லாம் தனியாக அடுக்கிவிட்டேன். கடைக்காரப் பெண் பதறி ஓடிவந்தாள்.

"ஏம்புள்ள, இதென்ன உங்கப்பாரு பனியன் கம்பெனி செக்கிங் டேபிளா?" என்று உங்கள் மாப்பிள்ளை சிரித்தார். மாப்பிள்ளை என்று எழுதுவது பிடிக்காவிட்டால், உங்கள் பழைய கட்டிங் மாஸ்டர் என்று படித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தேன், கண் மட்டும் நிறைந்துவிட்டது.

இருபதில் ஒரு சட்டைதான் தேறியது.

பாப்பாவுக்கு ஏழு மாதம். மார்பு நாற்பத்து நான்கு சென்டிமீட்டர், உயரம் அறுபத்தாறு. இருபத்து மூன்றாம் தேதி காலை கோயமுத்தூரில் இறங்குகிறோம்.

இந்த அளவை நம்பி அவளுக்குத் துணி கட்டிங் போட்டுவிடாதீர்கள் அப்பா. தினமும் வளர்கிறாள். டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே வந்து அளந்துகொள்ளுங்கள்.

உங்கள் செக்கிங்கில் தேறாத
கண்ணு