இரண்டிலும் வெள்ளைப் பூ

புத்தூர்,
மார்கழி, ஞாயிறு காலை.

என் அன்பு மகள் சிவசங்கரிக்கு நைனா எழுதுவது. இங்கே அம்மாவுக்கும் கௌசிகாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நொய்டாவில் குளிர் அதிகம் என்று டிவியில் சொல்கிறார்கள், நீ காதை மூடிக்கொண்டு வெளியே போய், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது, தோப்பில் மாமரங்கள் பூக்க ஆரம்பித்துவிட்டன. கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதி, அம்மா கட்டுகிற ஊறுகாய்ப் பார்சலுக்குள் வைக்கிறேன். கௌசிகா ஏற்கெனவே உன்னிடம் சொல்லியிருக்கலாம், இருந்தாலும் என் பக்கத்திலிருந்தும் ஒருமுறை கேட்டுவிடு.

உன் தங்கை ஆப் செய்யக் கற்கப் போகிறேன் என்று கிளம்பியதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் கற்பது என்பதுதான். அவள் ஃப்ளட்டர் என்றாள், ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஓடும், வீட்டிலிருந்தே வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வேன் என்றாள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. நீ ஜாவா படித்து வேலைக்குப் போனாய், ஊரில் எல்லோரும் கேள்விப்பட்ட பெயரும் அதுதான், போதாததற்கு எதிர்வீட்டு வேதாச்சலம் தன் மகளைத் திருப்பதியில் ஜாவா வகுப்பில் சேர்க்கிறான், இரண்டு பெண்களும் காலை ரயிலில் சேர்ந்தே போகட்டும் என்று அவனிடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்டபோது நீ ஒழுங்காகத்தான் பதில் சொன்னாய். எந்த மொழியும் மட்டமில்லை நைனா, ஜாவாவும் நல்லதுதான், ஆனா அவ என்ன செய்யப் போறான்னு முதல்ல கேளு, அதுக்கு எது தோதோ அதைப் படிக்கட்டும் என்றாய். நான் அதில் ஜாவாவும் நல்லதுதான் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, அக்காவே ஜாவாதான் சொல்கிறாள் என்று அவளிடம் அடித்துச் சொன்னேன். உன் பெயரை இப்படி இழுத்ததற்கே நீ என்மேல் கோபப்படலாம். அதற்குமேலும் அவள் பிடிவாதமாக நிற்கவே, சரி, அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன்.

நம் வீட்டில் போர்வெல் போட்டது முதல் நீ எந்த ஊர் வேலைக்குப் போவது என்பது வரை பூக்கட்டிப் பார்த்துத்தானே முடிவு செய்தோம், அதனால் கௌசிகா மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளை வந்தால் ஜாவா, சிவப்பு வந்தால் அவள் கேட்டது என்று பேச்சு. நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் என்று வாழையிலையில் மடித்து நாரால் கட்டும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் நந்தியாவட்டையையே வைத்தேன் சங்கரி. எழுதும்போதே கை கூசுகிறது. அம்மன் காலடியில் வைத்து, கௌசிகாவையே எடுக்கச் சொன்னேன். எடுத்தாள், பிரித்தாள், வெள்ளை. முகம் வாடினாலும் கும்பிட்டாள். வேதாச்சலம் பக்கத்தில் நின்று, நாளைக்கே சேர்த்துவிடலாம் என்றான். அத்தோடு கிளம்பியிருந்தால் என் வண்டவாளம் வெளியே வந்திருக்காது. அந்தச் சிவப்பை சாமி கால்லயே வெச்சிட்டு வந்துடறேன் நைனா என்று சொல்லி அவள் அடுத்த பொட்டலத்தையும் பிரித்தாள். என்மேல் சந்தேகப்பட்டு இல்லை, ஆசைப்பட்டதை அங்கேயே விட்டுவிட்டு வரத்தான் பிரித்தாள். அதிலும் வெள்ளை. பூசாரி பார்த்தார், உன் அம்மா பார்த்தாள், வேதாச்சலம் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி வெளியே நழுவினான். கௌசிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னை ஏமாத்தறதுன்னா வூட்லயே ஏமாத்தியிருக்கலாமே நைனா, இங்க எதுக்கு இட்டாந்த என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை மூடிப் பரணில் போட்டுவிட்டாள், என்னோடு பேச்சும் இல்லை. உன் அம்மாதான் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்தப் பொண்ணு இன்னா செஞ்சிக்கினு கீதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா நீ என்றாள். போன ஆனி மாதம் நான் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டரோடு வரிசையில் காத்துக் கிடந்து, பாதி மாங்காய் கனிந்து அழுகி, கொட்டிவிட்டு வந்தது உனக்கும் தெரியும். அன்று எனக்குச் சோறு கொண்டு வந்தவள் கௌசிகா. எந்த ஃபேக்டரி வாசலில் எவ்வளவு வண்டி நிற்கிறது என்று வரிசையில் இருப்பவர்களே போனில் தட்டிவிட்டால் மற்றவர்கள் பார்த்துக் காய் பறிக்கலாமாம், அப்படி ஒரு ஆப்பைத்தான் அவள் வீடியோ பார்த்து எனக்குத் தெரியாமல் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள். வருகிற சீசனுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். உன் பழைய லேப்டாப் மெதுவாக ஓடுவதால் அதற்குள்ளேயே போன் மாதிரி காட்டுகிற வசதி திணறுகிறதாம், அதனால்தான் சாயங்காலமானால் என் போனை வாங்கிக் கேபிளில் மாட்டி, செய்ததை அதில் ஏற்றிப் பார்த்திருக்கிறாள். நான் சார்ஜ் ஏற்றுகிறாள் என்று நினைத்தேன். காலையில் போனில் ஒரு மாங்காய்ப் படம் இருக்கும், ஏதோ விளையாட்டு வந்து ஒட்டிக்கொண்டது, நெட்டைத் தின்றுவிடும் என்று அழித்துவிடுவேன். அவள் ஏற்ற ஏற்ற நான் அழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்காகச் செய்ததை என் விரலாலேயே.

நேற்று மத்தியானம் தனியாகக் கோயிலுக்குப் போனேன். இந்த முறை ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி, பெருக்குகிற ரத்தினம்மா பார்க்கவே வைத்துக் கட்டி, எது எது என்று தெரியாதபடி கலைத்து, அவளையே எடுக்கச் சொன்னேன். சிவப்பு வந்தால் அதைக் கொண்டுபோய்க் கௌசிகா கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆசை. வெள்ளைதான் வந்தது. நான் கேட்டதை நான் திருடாமலே அம்மன் கொடுத்திருப்பாள். இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் யார் நம்புவார்கள். பூவை அம்மன் காலடியிலேயே வைத்து, தாயே, இதில் உன் பேச்சைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வேதாச்சலத்திடம் என் பெண் ரயிலுக்கு வரமாட்டாள் என்றேன். வீட்டில் லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கௌசிகா முன்னால் வைத்து, உனக்குத் தோதானதையே படி, அக்காவும் சொல்லவில்லை, சாமியும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேபிளைத் தேடி எடுத்துவந்து, போனைக் குடு என்று கையை மட்டும் நீட்டினாள்.

இரண்டாம் முறையும் வெள்ளை வந்த விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும், எதற்குப் பார்த்தேன் என்று ரத்தினம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, அவள் காதுக்குப் போனால் மறுபடி லேப்டாப்பை மூடிவிடுவாள். அவளிடம் பேசும்போது எந்த மொழி என்று கேட்காதே, மாங்காய் ஆப் எதுவரை வந்திருக்கிறது என்று கேள், சந்தோஷப்படுவாள். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலைகுனியாமல் இருக்க அந்தத் தாயே துணையிருக்க வேண்டும். இன்று காலை என் போனில் மாங்காய்ப் படம் இருந்தது. தொடவே பயமாக இருக்கிறது, இன்னும் அழிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் நைனா
கோவர்த்தனன்