பெயர் வெட்டிய டம்ளர்

இன்று இங்கே குவைத்தில், அப்பாசியாவில் ஒரு வீட்டில் எனக்குக் காகிதக் கப்பில் டீ வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர். பிள்ளை பெற்று வந்த பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டப் போயிருந்தேன். கப்பைப் பார்த்ததும் உன் குரல்தான் கேட்டது. "வாங்காதடி."

நம் இரண்டு வீட்டுப் பெண்களும் தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்கள். ஊரே நம் அம்மாக்கள் கையில் பிறந்தது. கூலியை மட்டும் கொல்லைப்பக்கம் நின்று வாங்க வேண்டும். அந்த வேலையே வேண்டாமென்றுதான் பள்ளிக்கூட ஆயாக்களாகக் குவைத்துக்கு வந்தோம். வந்த இடத்தில் உனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "மருத்துவச்சின்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்று கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்தாய்.

மூன்றாம் மாடி சரசுவுக்கு வலி கண்ட அன்று புழுதிக்காற்று. ஆம்புலன்ஸ் வழியில் மாட்டிக்கொண்டது. புருஷன் சைட்டில் டூட்டி. நீ அவளைப் படுக்க விடாமல் என் மேல் சாய்த்துக் குந்த வைத்தாய். "பதறாத தாயி, நான் இருக்கேன்ல." ஆம்புலன்ஸ்காரர்கள் மேலே ஏறி வருவதற்குள் பெண்குழந்தை அழுதுவிட்டது.

தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நாம் தரையைக் கழுவிக்கொண்டிருந்தோம். பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த சரசுவின் மாமியார் நம் ஊரை விசாரித்தாள். யார் வீட்டுப் பெண்கள் என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போனது. நமக்கு பிளாஸ்டிக் கப்பில் டீ வந்தது.

நீ அதைத் தொட்டியில் ஊற்றினாய். நேராக அடுப்படிக்குப் போய், அவள் பெயர் வெட்டிய டம்ளரை எடுத்து, நீயே டீ ஊற்றி வாய் வைத்துக் குடித்தாய்.

"அது என் டம்ளரு."

"தெரியும்த்தே. உங்க பேத்திய முதல்ல தொட்டதும் இந்தக் கைதான்."

"அப்ப அதையும் எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்."

"சரி" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். நான்தான் படியிறங்கும்போது, இனி யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று அழுதேன். "கூப்பிடாட்டிப் போறாங்க. பின்வாசல்ல நின்னு இந்த வேலைய நான் செய்ய மாட்டேன்" என்றாய்.

கிழவி நம் சாதியை வீடு வீடாகச் சொன்னாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சரசு பிள்ளையோடு நம் ரூமுக்கு வந்தாள். மாமியார் டம்ளரிலேயே டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். "எனக்கும் இந்த வேலையக் கத்துக் குடுங்கக்கா" என்றாள். நம் வீட்டில் பிறக்காத ஒருத்தி அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை.

அதன்பின் லீவில் ஊருக்குப் போனாய். அங்கே கண்ட காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றும் உன்னைப் போலவே கப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். அவர்கள் டம்ளரை எடுத்துக் குடித்தேன். அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படி வீடு வீடாக வந்து சேர்ந்ததில் நம் அலமாரியில் இப்போது ஒரு வரிசை டம்ளர் நிற்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுப் பெயர். வெள்ளிக்கிழமைதோறும் சரசுவும், யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தியும், இன்னும் பல பெண்களும் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். எல்லாருக்கும் அந்த டம்ளர்களில்தான் டீ. ஆள் கூடிவிட்டது, டம்ளர்தான் போதவில்லை. இருக்கட்டும், அப்பாசியாவில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.