லேப்டாப்பின் அடியில் ஒட்டிய டேப்

செப்டம்பர் 10, புதன்

இன்று நான் சொல்லாதது: அந்த டேப்பை ஒட்டியது நான்தான்.

காலையிலிருந்தே காற்று. அத்தான் பைக்கில் வந்து என்னையும் லேப்டாப்பையும் சர்வீஸ் கடைக்குக் கூட்டிப்போனார். தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். சீசனின் முதல் பயணத்துக்கு இரண்டே நாள். அதற்குள் கொழுந்தியாளின் லேப்டாப்புக்காக அரை நாள் அலைச்சல்.

மே மாதம் மாலேயிலிருந்து அவர் கொண்டுவந்தது. பழையது. அங்கே கடையில் வேலை பார்க்கும் சகாயம் அண்ணன், அத்தானின் சிநேகிதர், பார்த்து எடுத்துக் கொடுத்தது. ஆடி வரை ஒழுங்காக ஓடியது. பிறகு தானாகவே அணைய ஆரம்பித்தது.

நான் செய்து பார்த்தவை: வேறு சார்ஜர். வேறு ப்ளக். ஃபார்மட். அணைய எடுத்த நேரம்: 14 நிமிடம், 11, 9. பிழைதிருத்த வந்த பிரதி பன்னிரண்டாம் அத்தியாயத்திலேயே நிற்கிறது.

கடைக்கார அண்ணாச்சி திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, மூக்கையும் வாயையும் பொத்தி வச்சிருக்கு? சூடு எங்கன போவும்? இட்லிச் சட்டிக்குக்கூட ஆவி போவ வழி உண்டும்."

காற்றுத் துளைகளின் மேல் பழுப்பு டேப், இரண்டு வரிசை. ஓரங்களைக் கத்தரியால் நேராக வெட்டியிருந்தேன்.

"யாரு ஒட்டுனா?" என்றார் அத்தான்.

"வித்தவனா இருக்கும். பழசுல ஏதும் பழுது கெடந்தா இப்பிடி மறச்சித் தள்ளிவிடுதது உண்டு" என்றார் அண்ணாச்சி.

அத்தானின் முகம் சின்னதாகிப் போனது. "சகாயமா? ஒரே தட்டுல சாப்பிட்டவம்லா அவன்."

நான் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். அமாவாசை என்றைக்கு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

ஆடிக் காற்றில் உப்பளத்துப் பொடி வீட்டுக்குள் வரும். எங்கள் தெருவில் எல்லோரும் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டுவோம். மிச்சமிருந்ததை லேப்டாப்பின் துளைகளுக்கு ஒட்டினேன். உப்பு அரிக்காமல் இருக்கட்டும் என்று. ஒட்டி முடித்தபோது கொஞ்சம் பெருமைகூட.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை: ஜன்னல் டேப்பை உரித்தது. அதே பழுப்பு. யாராவது பார்த்துவிட்டால்?

செப்டம்பர் 11, வியாழன்

லேப்டாப் நான்கு மணி நேரம் ஓடியது. அணையவில்லை. அணைந்து தொலைத்திருக்கலாம்.

மேஜை முழுக்க உப்புப் பொடி. அக்கா சாளைக் குழம்பு கொண்டுவந்தாள்.

"ஏளா, காத்து இன்னும் நிக்கல. அதுக்குள்ள டேப்ப ஏன் உரிச்ச?"

"அழுக்கா இருந்துச்சு."

அத்தான் சரியாகச் சாப்பிடவில்லையாம். "சகாயத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கன்னேன். மாட்டாராம். மூஞ்சியப் பாத்துக் கேக்கணுமாம், அவம் மொதலாளி முன்னாலயே."

"வேண்டாம்னு சொல்லுக்கா."

"நீயே சொல்லு. ஒன் முன்னால வந்து நிக்க வெக்கமா இருக்குங்காரு மனுசன்."

அவருக்கு வெட்கம். என் முன்னால்.

நாவல்களில் உண்மையைச் சொல்லாமல் நிற்கிறவர்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன். பென்சிலால் ஓரத்தில் 'கோழை' என்று எழுதியும் வைத்திருக்கிறேன். அழிக்க வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

பழைய துறைமுகம். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். வாசலில் வெங்காய லாரிகள். மாலேயில் வேலை பார்க்கிறவர்களின் வீட்டார் பார்சலோடு நின்றார்கள். தோணிக்காரர்களிடம் கொடுத்துவிடுவது வழக்கம். சகாயம் அண்ணனின் அம்மாவும் நின்றார். கையில் மக்ரூன் டப்பா, கருவாட்டுப் பொட்டலம்.

"கம்ப்யூட்டரு நல்லா ஓடுதா தாயி? எம் மவன் பாத்து எடுத்ததுல்லா."

"ஓடுது, பெரியம்மா."

அத்தான் வெளியே வந்தார். சட்டை முழுக்க வேர்வை. பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பார்சலை வாங்கினார். என்னிடம், "சமாளிச்சுக்க. அடுத்த தடவ நல்லதாப் பாத்துக் கொண்டாரேன்" என்றார்.

"அத்தான், சகாயம் அண்ணன்..."

"அவம் பேச்ச எடுக்காத."

உள்ளிருந்து ஒரு குரல்: "ஏலே, கொழுந்தியாட்ட பேசுனா வெங்காயம் தானா ஏறிருமா?" சிரிப்பு. அவர் போய்விட்டார். நான் கூப்பிட்டிருக்கலாம். கேட்கும் தூரம்தான்.

வீட்டுக்கு வந்து வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். நாற்பது நொடி. 'நான்தான் அத்தான்' என்று சொல்வதற்குள் முப்பது நொடி போயிருந்தது. ஒரு டிக். தோணி அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது.

செப்டம்பர் 13, சனி

அக்காவிடம் சொன்னேன். என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகாயம் அண்ணனின் நம்பர் அவளிடம் இல்லை, அத்தான் போனில்தான். பெரியம்மாவிடம் போய்க் கேட்கலாம் என்றாள். "நீ போய்க் கேளு. என்னத்துக்குன்னும் சொல்லு."

போகவில்லை.

குழம்புச் சட்டியைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 17, புதன்

காற்று குறைந்திருக்கிறது. பிரதி முடிந்தது, அனுப்பியாயிற்று.

இரண்டு டிக், நீலம். பதில் இல்லை. அக்காதான் சொன்னாள். அத்தான் இறங்கியதும் நேரே கடைக்குப் போய் முதலாளி முன்னால் கேட்டுவிட்டார். 'நான் ஒட்டல' என்று சகாயம் அண்ணன் ஒரு தடவை மட்டும் சொன்னாராம். அத்தான் அந்த ஊர் சிம்மைப் போட்டு, நான் பேசி அனுப்பியதைக் கேட்டது அதற்குப் பிறகு. சாயங்காலம் பார்சலை எடுத்துக்கொண்டு மறுபடி போயிருக்கிறார்.

சகாயம் அண்ணன் வாங்கவில்லை. மக்ரூனும் கருவாடும் தோணியிலேயே திரும்பி வருகின்றன.