பதினொரு கேள்விகள்

மகளே,

எழுபது வயதில் எழுதக் கற்ற கை இது. ஒவ்வொரு வரிக்கும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன்.

உனக்கு எட்டாம் மாதம் என்று மருமகன் சொன்னார். உடனே நோட்டும் கையுமாக மாடி வீட்டுத் தையல்காரியைப் பேட்டி எடுக்கப் போனேன். அவள் குழந்தைக்கு நாற்பது நாள். பால், ஏப்பம், தூக்கம் என்று பதினொரு கேள்விகள் கேட்டேன்.

"எல்லாம் குழந்தையைப் பத்தியே கேக்கறீங்களே தாத்தா, பெத்தவ என்ன சுவரா?" என்றாள்.

உன் அம்மாவிடமும் நான் ஒன்றும் கேட்டதில்லை.

"சரி, உனக்கு என்னம்மா வேணும்?"

"ஒரு மணி நேரம் தூங்கணும்."

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அது மூச்சு விடுகிறதா என்று பார்த்துப் பார்த்தே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. என்ன சுகம் தெரியுமா!

நீ என்னைக் கூப்பிடவில்லை, காரணமும் தெரியும். உனக்கு என்ன வேண்டும் மகளே? வராதே என்று எழுதினால், கட்டிய பையை அவிழ்த்துவிடுகிறேன்.

அப்பா