'செய்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
(காலஞ்சென்ற கடியாரக் கடைக்காரரின் மனைவி)
கதவு எண் 14, முதல் மாடி, மேட்டுத் தெரு.

பெறுநர்
போக்குவரத்துத் துறை அலுவலர் அவர்கள்.

பொருள்: நானே மின்மோட்டார் பொருத்திய கியர் சைக்கிள் பறிமுதல் – அறிக்கையைத் திருத்தி வண்டியை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பதில் கிடைக்காத என் முந்தைய மனுக்கள் இரண்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒரு திருத்தம். நான் வீட்டில் வெடிபொருள் எதுவும் செய்யவில்லை. கீழ்வீட்டுக்காரர் தங்களிடம் சொன்ன புகை, ஒயர்களுக்கு ஈயப் பற்று வைக்கும்போது எழுவது. ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று அவர் மனைவி சொல்லிவருவது பற்றி, இம்மனுவை முழுதும் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்யலாம்.

1. என் தங்கை, மலைமேல் உள்ள முதியோர் காப்பகத்தில் மூன்று ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறாள். எல்லாரையும் மறந்துவிட்டாள். தாதிகள் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். நான் ஊட்டினால் திறப்பாள். அங்கே சென்ற ஒரே சிற்றுந்து மே மாதத்தோடு நிறுத்தப்படும் என்று ஏப்ரலில் அறிவித்தார்கள். நான்கு கிலோமீட்டர் ஏற்றம். எனக்கு வயது எழுபத்திரண்டு. வலது முழங்கால் உலோகம்.

2. என் கணவர் ஓட்டிய, தடித்த டயருள்ள கியர் சைக்கிள் வீட்டில் இருந்தது. மோட்டார் வைத்த பின்சக்கரம், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி ஆகியவற்றை வரவழைத்து, சமையலறை மேசைமேல் வைத்து ஐந்து வாரங்களில் பொருத்தினேன். சக்கரத்தின் அச்சு அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. அரத்தால் இரண்டு நாள் ராவினேன். பிரேக்கைப் பிடித்ததும் மோட்டார் நிற்கிறதா என்று நாற்பது முறை சோதித்த பிறகே தெருவில் இறக்கினேன். மோட்டார் 250 வாட். தங்கள் விதி அனுமதிக்கும் அளவு. ஜூன் முதல் தேதியிலிருந்து நூறு நாள், ஒன்றுகூடத் தவறாமல், மதியச் சாப்பாட்டு வேளைக்கு மேலே போய்ச் சேர்ந்தேன்.

3. நூற்றொன்றாம் நாள், செப்டம்பர் 9, தங்கள் ஆய்வாளர் வழிமறித்து, "இத எந்தக் கடையில மாட்டுனீங்க?" என்று கேட்டார். நானே மாட்டினேன் என்றேன். "சும்மா வெளையாடாதீங்கம்மா. பையன் மாட்டிக் குடுத்தானா?" என்றார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அனுமதியில்லாத மாற்றம், செய்தவர் 'அடையாளம் தெரியாத மெக்கானிக்' என்று அறிக்கையில் எழுதிக்கொண்டு வண்டியை எடுத்துச் சென்றார்.

4. விடுவிப்புப் படிவத்தில் 'செய்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். மூன்று முறை திரும்பி வந்தது. உரிமையாளரும் செய்தவரும் ஒருவராக இருக்கக் கூடாதாம். தங்கள் எழுத்தர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "பாட்டி, ஏதாவது ஒரு கடை பேர எழுதிக் குடுங்க, நாளைக்கே வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்கும். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். நான் யாருக்கும் பாட்டி இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். தெரியாத கேள்வியை வெறுமையாக விடு, தெரிந்ததை மாற்றி எழுதாதே என்று நான் படித்த பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுத்துவிட்டு எழுந்து வந்தேன். அது அக்டோபர் 3.

5. அந்த ஏற்றத்துக்கு வாடகை வண்டிக்காரர்கள் எளிதில் வருவதில்லை. பறிமுதலுக்குப் பின் ஆறு நாள் மட்டுமே போக முடிந்தது. ஆறாம் நாள், அக்டோபர் 21, கரண்டியை உதட்டருகே கொண்டுபோனேன். தங்கை எனக்கும் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். ஏதோ ஒரு கடையின் பெயர், ஒரே வரி. எழுதியிருக்கலாமே என்று தினமும் மதியமானால் தோன்றுகிறது. நடந்ததில் தங்கள் அலுவலகத்தின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே அதை வெறுமையாக விடுகிறேன்.

6. தங்கள் முற்றத்தில் மழையில் நிற்கும் வண்டியின் பேட்டரி, இரண்டு மாதம் சார்ஜ் ஏறாமல் இந்நேரம் செத்திருக்கும். ஊட்டுகிற வேலையும் எனக்கு இனி இல்லை. ஆனாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவாவது நான் மேலே போக வேண்டும்.

எனவே, அறிக்கையில் 'அடையாளம் தெரியாத மெக்கானிக்' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதி, வண்டியை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில் இயலாது என்றே சொல்லலாம். ஆறுதல் சொல்ல ஆள் அனுப்ப வேண்டாம். பதிலை எழுத்தில், மேற்கண்ட முகவரிக்கு அனுப்பவும்.

நாள்: நவம்பர் 12
இடம்: மேற்படி முகவரி

வணக்கத்துடன்,
(கையொப்பம்)
உரிமையாளரும் செய்தவரும்