இரண்டு வருட அனுபவக் கடிதம்

அன்பு மகள் சுபாஷினிக்கு அம்மா எழுதுவது. தண்ணீர்மலை முருகன் துணையில் நானும் உன் தம்பி குகனும் இங்கே நலம், நீயும் ஜொகூரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே அழுகிறாய், இல்லையென்றால் வைத்துவிடுகிறாய், அதனால்தான் நீ கேட்ட சான்றிதழ்களோடு இதையும் எழுதி வைக்கிறேன்.

தாதிப் படிப்பு முடித்து எட்டு மாதம் ஆகிறது. முப்பத்தொரு இடத்துக்கு எழுதிப் போட்டாய், எல்லாரும் இரண்டு வருட அனுபவம் உண்டா என்று ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். எனக்கு வந்த எரிச்சலில் நேற்று நம் கடையில் மசாலா அரைக்கும் மெஷினையே ஓங்கித் தட்டினேன். வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும், பசாரில் கிலோ கணக்கிலா விற்கிறார்கள்? எல்லாருக்கும் ஓடுகிற கடைதான் வேண்டும், போணி செய்ய மட்டும் ஒருத்தனும் வரமாட்டான்.

நம் தெரு கிளினிக்கில் இரண்டு வருடம் வேலை பார்த்ததாகக் கடிதம் வாங்கித் தரச் சொன்னாயே, போனேன். எஸ்பிஎம் பரீட்சை முடித்த விடுமுறையில் ஆறு வாரம் அங்கே மருந்துப் பை எடுத்துக் கொடுத்தாய், அவ்வளவுதான். டாக்டர் தயங்கினார். அவர் வீட்டு மீன்கறிக்கு இருபது வருடமாக நான்தான் அரைத்துக் கொடுக்கிறேன், முகத்தை முறிக்க முடியாமல் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டார். வெளியே வரும்போது ஜெயித்த மாதிரிதான் இருந்தது. வீட்டில் குகன் அதை வாசித்துச் சொன்னான், ஊசி போட்டாளாம், இரத்தம் எடுத்தாளாம், காயம் கட்டினாளாம். அக்காவ நாளைக்கே வார்டுல தனியா விட்டுட்டா யாரப் போய் கேப்பா லா என்று சிரித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. கடை போட்ட மூன்றாம் மாதமே பதினைந்து வருட அனுபவம் என்று பலகை மாட்டியவள்தான். ஆனால் என் மசாலாவில் காரம் கூடினால் திட்டிவிட்டுப் போவார்கள், உன் கையில் இருக்கப்போவது அடுத்தவர் நரம்பு. தெரியாததைக் கேட்டாலும், இரண்டு வருடம் பார்த்தவள்தானே என்பார்கள். பிடிபட்டால் தாதிப் பதிவே போய்விடும், படித்த மூன்று வருடமும் தண்ணீரில் போட்டதுதான்.

நிபோங் திபால் டயாலிசிஸ் நிலையத்தின் பெரிய தாதி சலேஹா நம் கடைக்கு வருகிறவர். ஆள் கெடைக்கல அக்கா, புதுசா இருந்தா என்ன, நாங்க பழக்கிக்கிறோம், அனுப்புங்க என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். நீயோ, எஸ்டேட் தோட்டத்துப் பக்கம் போய்க் கிழவர்களோடு உட்காரவா படித்தேன் என்கிறாய். உட்கார். பசாரில் யாருக்கும் வேண்டாத, மீன் கழுவும் தண்ணீர் ஓடுகிற மூலையில்தான் நானும் முதலில் நின்றேன்.

நீ கேட்ட கடிதத்தை இந்தப் பொட்டலத்தில் தேடாதே. டாக்டரிடமே திருப்பிக் கொடுத்து, ஆறு வாரம் என்று உள்ளதை எழுதி வாங்கியிருக்கிறேன். அவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ வருவாய் என்று சலேஹாவிடம் சொல்லிவிட்டேன், வராவிட்டால் புதன்கிழமை வேறொருத்தியை எடுத்துக்கொள்வார். பதிவு அட்டையை மறக்காமல் எடுத்து வா. கை நடுங்காமல் நீ நல்ல தாதியாக நிற்க அந்த முருகன் அருளட்டும். என் மேல் கோபம் வரும், தெரியும். திட்டுவதை நேரில் வந்து திட்டு.

உன் அம்மா,
மீனாட்சி,
டத்தோ கிராமாட்.