தள்ளுவண்டியில் சிவப்புத் துண்டு

மார்ச் 4

இன்று முதல் ஹோட்டல் சலவைப் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். எல்லாரையும் கூப்பிட்டு, "என் கதவு திறந்தே இருக்கும். எதுவானாலும் வந்து சொல்லுங்க" என்றேன். நாங்கள் 'இடி' என்று பெயர் வைத்திருந்த பழைய சூப்பர்வைசர் மாதிரி நான் இருக்க மாட்டேன். என் தோழி ஒல்லி கைதட்டினாள். பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்று இஸ்திரி போட்டவர்கள் நாங்கள். நேற்று வரை வாடி போடி. இன்று "சரிங்க மேடம்" என்கிறாள். ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 11

யாரும் ஒரு குறையும் சொல்லி வரவில்லை. நன்றாகத்தான் நடத்துகிறேன் போல.

மார்ச் 19

விரிப்பில் கறை என்று மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கீழே வந்து அதையெல்லாம் இவர்கள் தலையில் இறக்கினேன். துணி பிரிக்கிற பெண் அழுதுகொண்டே போனாள். பாவம், கறைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "இன்னைக்கு யாரைக் கடிச்சுக் குதறின?" என்றார். அவரையும் குதறினேன்.

மார்ச் 20

ஒல்லியின் கை — எழுத முடியவில்லை.

மார்ச் 21

நீராவி இஸ்திரி மெஷினின் மூடி தானாக இறங்கிவிட்டது. வலது கை வெந்துபோச்சு. விரல் மடங்குமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம்.

மூடி முந்தின நாளே ஆடியிருக்கிறது. அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கேட்டேன்: "ஏன்டி சொல்லல? கதவு திறந்துதானே இருந்துச்சு?"

"சொல்லத்தான் வந்தேன். துண்டு கெடந்துச்சு. திரும்பிட்டேன்."

அந்தத் துண்டு என் வேலை. இடி கோபமாக இருந்தால், சூப்பர்வைசர் அறைக்கு வெளியே நிற்கும் தள்ளுவண்டியில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டுவைப்பேன். அதைப் பார்த்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள். எவ்வளவு சிரித்திருப்போம். அறைக்குள்ளிருந்து பார்த்தால் வண்டி தெரியாது, அந்த இடத்தைப் பார்த்து நிறுத்தியதும் நானேதான். இப்ப எனக்கே போட்டிருக்காங்க. நான் அவ்வளவு மோசமா?

மார்ச் 24

துண்டைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். "இனிமே இந்த வேலையெல்லாம் வேண்டாம்" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஏப்ரல் 2

மேனேஜர், "அவ கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துடு" என்றார். "மாட்டேன் சார். அவ பயந்தது எனக்கு" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் வேலை போனாலும் போகட்டும்.

ஏப்ரல் 29

ஒல்லி திரும்பி வந்தாள். இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை. துணி மடிக்கிற மேசை வேலைக்கு மாற்றினேன். "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

மே 7

காலையிலேயே மேனேஜரோடு தகராறு. அறைக்கு வந்து டீ கிளாஸை டங்கென்று வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒல்லி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"துண்டுக்குப் பதிலா இப்ப வாளி. நீ கோபமா இருந்தா, குழாய்கிட்ட நீல வாளியைக் கவுத்து வெச்சிடுவாங்க."

சுருக்கென்றது. திட்ட வாயைத் திறந்தேன். அவள் விரல்களைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"இப்ப கவுந்திருக்கா?"

"கவுந்துதான் இருக்கு. ஆனா ரெண்டாவது மெஷின் மூடி ஆடுது. எழுந்து வாடி."

போய் மெஷினை நிறுத்தினோம். வாளியை நான் தொடவில்லை. வைத்தவர்களே என்றைக்காவது நிமிர்த்தட்டும்.